சாரதாமணியின் ஐந்து தட்டுகள்

பாட்டு விஷயத்தில் சாரதாமணி சொன்னால் சொன்னதுதான், அதை மறுத்துப் பேச இந்தக் கோயமுத்தூரில் ஆள் கிடையாது, இது அவள் தன்னைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயம், அதில் பாதிக்கு மேல் உண்மையும்கூட. ஞாயிற்றுக்கிழமை காலையில் நவ்ஷாத்தின் ரெக்கார்டு கடையில் கண்ணாடிக் கதவைப் பார்த்துப் போட்ட உயர ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஸ்டூல் கிறீச்சிட்டது, எண்ணெய் விடச் சொல்ல வேண்டும், இவ்வளவு அழகாகக் கடை வைக்கத் தெரிந்தவனுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடத் தெரியவில்லை பார். தலைக்கு மேலே கரும்பலகையில் சாக்பீஸில் அவள் பெயர், மணி என்பதில் சுழி கொஞ்சம் கோணல், பரவாயில்லை, தூரத்திலிருந்து படிக்கிறவனுக்குத் தெரியாது. இது நவ்ஷாத் ஏற்படுத்தி வைத்திருக்கும் வழக்கம். மாதம் ஒரு வாடிக்கையாளர், புதிதாக வந்த இசைத்தட்டுகளில் ஐந்தைப் பொறுக்கி முன் அலமாரியில் வைக்க வேண்டும், அந்த மாதத்துக் கடைசி ஞாயிறு கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு இதை வாங்குங்கள், அதைத் தொடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒருநாள்தான் கேட்கிற தட்டை உறை பிரித்துப் போட்டுக் காட்டுவான், மற்ற நாளில் கண்ணாடிக் காகிதத்தை நகத்தால் சுரண்டினால்கூட அக்கா அக்கா என்று பதறி ஓடி வருவான். மற்ற மாதத்து ஆட்கள் எல்லாம் அட்டையைப் பார்த்து மயங்கிப் பொறுக்கியவர்கள். அவள் ஐந்தையும் சொந்தமாக வாங்கிக் கொண்டுபோய், வீட்டில் போட்டு, இரண்டு பக்கமும் கேட்டு, பிடிக்காதவற்றைத் தம்பி வீட்டுக்குத் தள்ளிவிட்டு, அதன் பிறகு சொன்னவள். தாமு சார் வருகிற நேரம்தான். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், நினைத்துவிட்டாள்.

முதலில் வந்தது சாய்பாபா காலனியிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி, புதிதாக பிளேயர் வாங்கியிருக்கிறார்களாம், எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லையாம். நெத்திலியிலிருந்து ஆரம்பியுங்கள் என்றாள், யோசிக்கவே இல்லை. தூத்துக்குடிப் பையன்கள் நாலு பேர் போட்ட தட்டு, இந்த வருஷத்தில் வந்தது, கிட்டாரும் டிரம்மும்தான், ஆனால் அடியில் ஒரு கப்பல் சங்கு அவ்வப்போது ஊதிக்கொண்டே இருக்கும், சமைக்கும்போது போட்டால் தாளிக்கிற கைக்குத் தாளம் வந்துவிடும். அந்தப் பெண் சிரித்தாள், புருஷனுக்குக் கொஞ்சம் அமைதியாக வேண்டுமாம். அப்படியா, அப்போது கொடிக்கயிறு எடுத்துக்கொள்ளுங்கள், ஒற்றை வயலின், மொட்டை மாடியில் வைத்துப் பதிவு செய்தது, பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் விடுகிறது, அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், அந்த மூன்றாவது விசிலில் வயலின்காரர் ஒரு கணம் தயங்கி அதே சுருதியில் சேர்ந்துகொள்கிறார், அதற்காகவே வாங்கலாம். அவள் சொல்லச் சொல்ல அவர்கள் கண்ணில் ஆசை ஏறுவது தெரிந்தது, இந்த இடம் அவளுக்கு ரொம்பப் பிடித்த இடம். இதே மாதிரிதான் கம்பெனியிலும். மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷன் அவள் கையில், ஓடுகிற மோட்டாருக்கு நேரே கருவியைப் பிடித்தால் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும், தகட்டில் அடித்திருக்கும் எண்ணுக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை என்றால் முழு லாட்டையும் திருப்பி அனுப்புவாள், முதலாளியே வந்து நின்றாலும் மசிய மாட்டாள். ஓசையை வைத்தே பேரிங் போய்விட்டது என்று சொல்லிவிடுவாள், முக்கால்வாசி சரியாக இருக்கும். மூன்றாவது தட்டு அதனால்தான், இரண்டாம் ஷிப்ட், திருப்பூர் பனியன் கம்பெனி மிஷின்களின் சத்தத்தோடு பறையைச் சேர்த்துப் போட்டது, அதில் ஒரு மிஷின் சரியில்லை, நாலாவது பாட்டில் கேட்கிறது, பாட்டுக்கு அது பொருந்தித்தான் இருக்கிறது, ஆனாலும் யாராவது போய் அந்த மிஷினைப் பார்க்கச் சொல்ல வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. புருஷன்காரர் நெத்திலி, கொடிக்கயிறு இரண்டையும் எடுத்துக்கொண்டார். அவளுக்கு ஒரு காலத்தில் இருந்த புருஷன் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக வால்யூமைக் குறைப்பார், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே குறைப்பார், நாலு வருஷம் பொறுத்துப் பார்த்தாள், அப்புறம் ஆளையே கழற்றிவிட்டாள், இருபது வருஷம் ஆகிறது, அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. தனியாக இருப்பது பழகின விஷயம். பழகின விஷயம்தான், சந்தேகமே இல்லை, ஞாயிற்றுக்கிழமைகூடப் பழகித்தான் இருந்தது, தாமு சார் இந்தக் கடைக்கு வர ஆரம்பிக்கும் வரைக்கும்.

தாமு சார் என்கிற தாமோதரசாமிக்கு ராஜ வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை. மனைவி தவறிப்போன பிறகு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார முடியாமல் ரெக்கார்டு கடைக்குள் நுழைந்தவர், நுழைந்த அன்றே சாரதாமணியிடம் மாட்டினார், அவள் சொன்னதை வாங்கினார், அடுத்த வாரம் வந்து நல்லாருந்துதுங்க மேடம் என்றார். மூன்று வருஷமாக அவருக்கு அவள் மேடம், அவளுக்கு அவர் சார். கடை முடிந்ததும் எதிரே இருக்கும் பேக்கரியில் ஆளுக்கு ஒரு காபி, ஒரு தேங்காய் பன்னைப் பாதிப் பாதி, அதைப் பிய்க்கும்போது பெரிய பாதியை அவள் பக்கம் தள்ளுவார், அவள் அதைப் பார்க்காத மாதிரி எடுத்துக்கொள்வாள். அவ்வளவுதான் நடந்தது மூன்று வருஷத்தில். போன ஞாயிறு அந்த பேக்கரியில்தான் கேட்டார். பையன் பூனாவுக்கே வந்துவிடச் சொல்கிறான், கடையை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று பார்க்கிறேன், என்ன சொல்றீங்க மேடம், போகட்டுங்களா. கேட்டுவிட்டு பன்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எந்தப் பாட்டு உருப்படி எது குப்பை என்று அடித்துப் பேசும் வாய், முதலாளியிடம் எகிறும் வாய், அன்றைக்கு உள்ளே ஒட்டிக்கொண்டது. அதற்குப் பதிலாக என்ன செய்தாள்? தட்டைச் சொன்னாள். நவ்ஷாத்கிட்ட ஆவணின்னு ஒரு தட்டு இருக்கு, வாங்கிட்டுப் போங்க, ரெண்டாவது பக்கத்துல மூணாவது பாட்டு, நான் சொல்ல வேண்டியது அதுலயே இருக்கு என்றாள். சொல்லும்போது காது சுட்டது. ஆனால் நல்ல யோசனைதான் அது, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறாள், அவருக்கு அவளைத் தெரியும், அவள் பாட்டைத் தெரியும், அந்தப் பாட்டைக் கேட்ட மனுஷன் பூனா ரயிலில் ஏற மாட்டான்.

ஏனென்றால் அது அப்படிப்பட்ட பாட்டு. ரெபேக்கா என்று நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஒரே ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு முனகியே ஒரு தட்டு முழுக்கப் போட்டிருக்கிறாள், வார்த்தையே கிடையாது. முனகல் என்றால் என்ன முனகல், ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு கனத்த குரல், அடிவயிற்றிலிருந்து எழுந்து பாதியில் நின்று, இருக்கட்டுமே, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று கெஞ்சுகிற மாதிரி கீழே இறங்கும். கிட்டார் ஒவ்வொரு தந்தியாக, அடுத்தது வருமா வராதா என்று நம்மைத் தவிக்கவிட்டு வரும். முதல் தடவை கேட்டபோது சாரதாமணி துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள். பெண் குரலில் இப்படி ஒரு ஆழத்தை நான் கேட்டதே இல்லை என்று இந்த மாதம் முழுக்க வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னாள், எட்டு பத்துப் பேராவது வாங்கிப் போனார்கள், எல்லோருக்கும் பிடித்தும்விட்டது. அதில்தான் ஒரு சின்ன உறுத்தல். ஜிம் வைத்திருக்கும் பையன் ஒருவன் வந்து, அக்கா அந்த ஆவணி செம, காலைல ஜிம்ல அதான் ஓடுது என்றான். ஜிம்மிலா? எல்லாம் முடிந்தபிறகு படுக்கவைத்து மூச்சு விடச் சொல்வார்களே, அதற்காக இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்புறம் பல் டாக்டர் பிரபாவதி, எங்க பாப்பா அதப் போட்டாலே குதியாட்டம் போடறாங்க என்றாள். குழந்தைகள் ஒப்பாரிக்கும் ஆடும், அதுக்கென்ன தெரியும். அதோடு விட்டுவிட்டாள், ஆனால் அந்தக் குதியாட்டம் என்கிற வார்த்தை மட்டும் புடவை ஆணியில் மாட்டின மாதிரி எங்கேயோ இழுத்துக்கொண்டே இருந்தது. இப்போதும் இழுக்கிறது. அந்தப் பாட்டுக்கு எப்படிக் குதிப்பது?

கதவு திறந்தது, தாமு சார். வெளிர் நீலச் சட்டை, புதிது, மடிப்புக் கோடு தோளில் அப்படியே இருந்தது. சாரதாமணிக்கு உள்ளே ஏதோ ஒன்று எழுந்து நின்றது, அவள் மட்டும் ஸ்டூலை விட்டு எழவில்லை, இன்றைக்கு அவள் மாசத்து ஆள், கெத்தை விட்டுக்கொடுக்க முடியாது. அவர் நேராக அவளிடம் வந்தார். கேட்டனுங்க மேடம் என்றார், ரெண்டு மூணு தடவை போட்டுக் கேட்டேன், நீங்க சொன்னது நல்லாப் புரிஞ்சுது, மனசு லேசாயிருச்சு. சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு கண்ணாடிக்குள் கண் வரைக்கும் போகவில்லை, அதை அவள் கவனித்தாள், கவனித்தும் சந்தோஷத்தில் அதை ஓரமாக வைத்தாள். புரிந்துவிட்டது என்கிறார், அதுதானே வேண்டும். பார்த்தாயா, சொன்னேன் அல்லவா என்று யாரிடமோ உள்ளே சொல்லிக்கொண்டாள், இனி எல்லா ஞாயிறும் உண்டு, பன் உண்டு, மழைக்காலத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு வால்பாறை பக்கம் போய்வரலாம், காரில் என்ன பாட்டுப் போடுவது என்பது வரைக்கும் அவள் மனசு மலை ஏறிவிட்டது. நாலாவது தட்டைப் பற்றி ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள், இரண்டு நாகஸ்வரம் மட்டும் வைத்துத் தவில் இல்லாமல் போட்டது, தவில் இல்லாத குறை முதல் பாட்டில் தெரியும், இரண்டாவதில் அதை மறந்துபோவாய், வாங்கிக்கோ கண்ணு என்றாள், அந்தப் பெண்ணும் வாங்கிக்கொண்டாள். இன்றைக்கு அவள் யாருக்கு எதைச் சொன்னாலும் வாங்குவார்கள். அதற்குள் கல்லாப் பக்கம் தாமு சார் நவ்ஷாத்திடம் பேசுவது காதில் விழுந்தது. அடுத்த மாசத்து ஆளா என் பேரை எழுத வேண்டாம் தம்பி, நான் இருக்க மாட்டேன், பையன் டிக்கெட் போட்டுட்டான்.

தப்பாகக் கேட்டோமா என்று பார்த்தாள், காது அவளுக்குத் தப்பாது. அப்படியானால் கேட்டிருக்கிறார். இரண்டு மூன்று தடவை போட்டு, இருக்கட்டுமே இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று அந்தக் குரல் கெஞ்சியதைக் கேட்டு, நல்லாப் புரிந்து, அதற்குப் பிறகுதான் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறார். மனசு லேசாகிவிட்டதாம். வெட்கமாக இருந்தது, ஐம்பதை எட்டப்போகிற வயதில் ஒரு ஆளிடம் போய் இப்படி நின்றோமே என்று வெட்கம், அதற்கு மேல் கோபம், கோபத்துக்கு அடியில் பயம், அந்தப் பயம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது, வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை, அதற்கு அடுத்தது, பேக்கரியில் முழு பன்னையும் தனியாகத் தின்பது. ஒரு மனுஷருக்கு வேண்டாம் என்றால் வேண்டாம், அதைக்கூடப் பாட்டைப் பாராட்டிச் சிரித்துக்கொண்டே சொல்லும் நல்ல மனுஷர். அவரிடம் போய்ச் சண்டையா போட முடியும். முகத்தை அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டு, வரிசையாக இருந்த தட்டுகளை மறுபடியும் வரிசையாக்கினாள். சாயந்திரம் வீட்டுக்குப் போய் அந்த ஆவணியைத் தூக்கித் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அந்த நேரம் பார்த்து சாய்பாபா காலனிக்காரர் பில் போடப் போன இடத்திலிருந்து திரும்பி, அஞ்சுல நாலைத்தான் சொன்னீங்க, அந்த அஞ்சாவது எப்படிங்க என்றார். ஆவணியைக் கையில் பிடித்திருந்தார். அது வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் நவ்ஷாத் அதை வாங்கி உறையைக் கிழித்துவிட்டான், அக்கா இதுக்குத்தான் உசிரையே விடுவாங்க, கேட்டுப் பாருங்க என்று தட்டை எடுத்தான், நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தை ஒரு பார்வை பார்த்தான், பிளேயரின் ஓரத்தில் ஒரு பொத்தானைத் தட்டினான், இரண்டாவது பக்கத்தில் முள்ளை இறக்கினான். கடை முழுக்க ஒரு சின்னப் பெண்ணின் குரல் துள்ளிக்கொண்டு ஓடியது. கிட்டார் குதித்துக் குதித்துப் பின்னால் வந்தது. கல்யாண வீட்டில் காலையில் பெண்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற ஓட்டம், கொலுசும் சிரிப்பும்தான் பாக்கி. காலனிக்காரரின் பெண்டாட்டி அப்போதே தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டாள். தப்பாப் போட்டிருக்க நவ்ஷாத், ஸ்பீட் அதிகம், இது பெரிய தட்டு, நிமிஷத்துக்கு முப்பத்துமூணு சுத்துல போடு என்றாள் சாரதாமணி, கம்பெனிக் குரலில். அவன் திரும்பிப் பார்த்தான். இல்லீங்கக்கா, பெரிய தட்டுதான், ஆனா நாப்பத்தஞ்சுல வெட்டினது, இப்பப் புதுசா வர்றதுல நெறய இப்படி வருது, சத்தம் நல்லாருக்கும்னு, இதோ பாருங்க பொடி எழுத்துல போட்டிருக்கு. போட்டிருந்தது. அவள் வீட்டிலும் அதே தட்டில் அதே இடத்தில் அதே பொடி எழுத்து இருந்திருக்கும். நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று நாள் முழுக்க மோட்டார் மோட்டாராகப் பிடித்துப் பார்ப்பவள், வீட்டு பிளேயரில் நவ்ஷாத் வந்து முப்பத்துமூன்றுக்குப் பெல்ட்டை மாட்டிக் கொடுத்த நாளிலிருந்து வேகத்தை மாற்றியதே இல்லை. ரெபேக்காவை முக்கால் வேகத்தில் ஓட்டி, அவள் துள்ளலை எல்லாம் இழுத்துக் கெஞ்சலாக்கி, அந்தக் கனத்த குரலுக்குத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உருகியிருக்கிறாள். சிரிப்பு வந்தது, நிஜமாகவே வந்தது, ஜிம்காரனும் பாப்பாவும் ஞாபகத்துக்கு வந்தார்கள், பாவம் அந்தப் பாப்பாவைப் போய் ஒப்பாரிக்கு ஆடுகிறது என்றேனே. சிரிப்பு பாதியில் நின்றது. பொடி எழுத்தைத் தப்பவிடாத தாமு சார் கேட்டது இதை. போகட்டுங்களா என்று கேட்ட மனுஷருக்கு இந்தத் துள்ளலைக் கொடுத்து, என் பதில் இதிலேயே இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

அவர் கல்லாப் பக்கம் அலமாரியைப் பார்த்தபடி நின்றிருந்தார், மூன்றாவது பாட்டு ஆரம்பித்ததும் உள்ளே வந்தபோது சிரித்த அந்தச் சிரிப்பு மறுபடியும் வந்தது, இதானுங்க மேடம், இதத்தான் போட்டுக் கேட்டேன் என்றார். கேட்டதும் தெரிஞ்சுருச்சு, சந்தோஷமாப் போய்ட்டு வாங்கன்னு சொல்றீங்கன்னு, நானும் ரொம்ப நாளா மூஞ்சியத் தூக்கிட்டே திரியறேன், இனி அப்படி இருக்கக் கூடாதுன்னு சொல்றீங்கன்னு எடுத்துக்கிட்டேன். சாரதாமணி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். இப்போது வேகத்தைக் குறைத்துப் போட்டுக் காட்டலாம் என்று ஒரு எண்ணம் ஓடியது, நவ்ஷாத்திடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொத்தானை அமுக்குவான், அந்தக் கெஞ்சல் கடை முழுக்க நிறையும், அவருக்கும் புரிந்துபோகும், அவள் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. சே, இதற்கும் பாட்டா. ஒரு வாரமாக ஒரு மனுஷர் தனக்கு இங்கே ஒருத்தரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு பெட்டி கட்டியிருக்கிறார், உனக்கு இன்னும் ரெபேக்கா வேண்டுமா என்று தன்னையே ஒரு அதட்டு அதட்டினாள். கல்லாவிடம் போனாள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் இருந்தார்கள், இருக்கட்டும்.

"நான் தப்பாப் போட்டுக் கேட்டிருக்கேன் சார். நீங்க கேட்டது வேற, நான் கேட்டது வேற. நான் போகச் சொல்லவே இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். அப்ப என்னங்க சொன்னீங்க என்று கேட்டார், மெதுவாக, பதிலுக்குப் பயப்படுகிற குரலில். அந்தப் பயத்தைக் கேட்டதும் அவளுக்கு இருந்த பயம் போய்விட்டது.

"போகாதீங்கன்னு சொன்னேன். நீங்க இல்லாம எனக்கு முடியாது. வாயில வரல, அதான் தட்ட வாங்கச் சொன்னேன்."

பாட்டு முடிந்து முள் தானாக எழுந்தது. நவ்ஷாத் மறுபக்கத்தைத் திருப்பிப் போடாமல் பில் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். காலனிக்காரரின் பெண்டாட்டி மட்டும் புருஷன் கையைப் பிடித்து அலமாரிக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனாள். தாமு சார் புதுச் சட்டையின் பையில் கைவிட்டு போனை எடுத்தார், பையன் பெயரைத் தேடுவதற்கு நேரம் பிடித்தது. சாரதாமணி நகரவில்லை, நேரே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் போனை எடுத்துவிட்டார்கள்.

"கண்ணு, அந்த டிக்கெட்ட கேன்சல் பண்ணிரு. இல்ல இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். இங்க ஒருத்தங்க போக வேண்டாங்கறாங்க."